இரண்டு பம்பு போட்ட அம்பாசிடர்

நான்காவது கிலோமீட்டரில் அம்பாசிடர் மறுபடியும் நின்றது. இந்த வாரத்தில் இது மூன்றாவது தடவை. சுரேந்தர் ஸ்டீயரிங்கை ஆதரவாகத் தட்டிக்கொடுத்தார். பக்கத்தில் இருந்த மனைவி பிரவீனா தட்டிக்கொடுக்கும் மனநிலையில் இல்லை.

"ஏனுங்க, ஞாயித்துக்கெழமை என்ற அண்ணன் மகளுக்கு அவிநாசியில நிச்சயம். பத்தரைக்கு நான் அங்க நிக்கோணும். வழியில இது நின்னுதுன்னா, திங்கக்கெழமை பழைய இரும்புக்கடைக்காரர் வந்து தூக்கிட்டுப் போயிருவாரு. சொல்லிப் போட்டேன்."

சுரேந்தர் பெண் பார்க்கப் போனது இந்தக் காரில். கல்யாணம் முடிந்து பிரவீனா மூக்கைச் சிந்திக்கொண்டே வந்ததும் இதன் பின்சீட்டில்தான். இதைப் போய் எடைக்குப் போடுவதா?

"பம்புதான் அம்மணி. பெட்ரோலை இழுக்க மாட்டேங்குது."

பம்பு விஷயத்தில் அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. கணபதி பகுதியில் ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக சர்வீஸ் இன்ஜினியர். அன்னூர் முதல் பொள்ளாச்சி வரை எந்தத் தோட்டத்தில் தண்ணீர் வராவிட்டாலும் இவருக்குத்தான் போன் வரும். எல்லோருக்கும் ஒரே பதில்தான். "பம்புல ஒண்ணும் இருக்காதுங்க. கோளாறு வேற எங்கியாச்சும் இருக்கும், நல்லாப் பாருங்க."

சொந்தக் காருக்கு மட்டும் இந்த ஞானம் வரவில்லை. நேராகக் காந்திபுரம் போய் எலெக்ட்ரிக் பெட்ரோல் பம்பு ஒன்று கேட்டார்.

"இது எல்லாப் பழைய வண்டிக்கும் சேருமுங்க. மாட்டறது யாருங்க?" என்றார் கடைக்காரர்.

"நான்தான்."

"மெக்கானிக்குங்களா?"

"பம்பு இன்ஜினியர்."

கடைக்காரர் வெளியே எடுத்த வாரண்டி அட்டையைத் திரும்ப டிராயருக்குள் வைத்துக்கொண்டார்.

சிங்காநல்லூரில் அவர்கள் குடியிருந்த அபார்ட்மெண்டின் வாட்ச்மேன் தங்கராஜ் ஒத்தாசைக்கு வந்தார். காலையில் எல்லா கார்களையும் துடைப்பவர் அவர்தான். சுரேந்தரின் காரை மட்டும் ஒரு மாதமாகத் தொடுவதில்லை. ஆயுத பூஜைக்கு மறுநாள் அவர் துணியோடு வந்தபோது, சாமி பொட்டை அழிக்கலாமா என்று சுரேந்தர் சத்தம் போட்டுவிட்டார். கார் இன்னும் தலை முதல் வால் வரை சந்தனத்தோடு நின்றிருந்தது.

"சார், ஒண்ணு சொல்லோணுங்க. தப்பா எடுத்துக்கப்படாதுங்க. நானு சர்ச்சுக்குப் போறவன், இதையெல்லாம் பேசறது மொறையில்லைதானுங்க, இருந்தாலுங்க..."

"அப்புறம் சொல்லுங்க. மொதல்ல டேங்குல பெட்ரோல் இருக்குதான்னு பாருங்க."

தங்கராஜ் மூடியைத் திறந்து குச்சியை விட்டுப் பார்த்தார். "கரெக்டா அரை டேங்க் இருக்குதுங்க."

இன்ஜினுக்குப் பக்கத்தில் பம்பை மாட்டினார் சுரேந்தர். முதல் சாவியிலேயே கார் உறுமியது. நான்காவது கிலோமீட்டரில் நின்றது. பத்து நிமிடம் கழித்துத் தானாகவே கிளம்பியது.

"பம்பை வெச்ச எடந்தான் தப்பு," என்று அதைக் கழற்றி டேங்குக்குப் பக்கத்தில் மாட்டினார். இப்போது ஆறாவது கிலோமீட்டரில் நின்றது.

"பாத்தியா, ரெண்டு கிலோமீட்டர் முன்னேத்தம்! இன்னொரு பம்பு போட்டா சரியாயிரும்."

"இது காருங்களா, தென்னந்தோப்புங்களா?" என்றாள் பிரவீனா.

இரண்டாவது பம்பும் ஏறியது. ஒன்பதாவது கிலோமீட்டரில் காருக்கு அடியில் 'டொக்' என்று ஒரு சத்தம். கார் நின்றது. வீட்டுக்கு வந்து கீழே படுத்துப் பார்த்தால், டேங்க் ஒரு பக்கமாக உள்ளே ஒடுங்கி வயிற்றை எக்கிக்கொண்டிருந்தது. கல் எதுவும் பட்ட மாதிரியும் தெரியவில்லை.

தங்கராஜ் குச்சியை விட்டு எடுத்தார். பார்த்தார். துடைத்துவிட்டு மறுபடியும் விட்டார்.

"சார், அரை டேங்குக்கு மேல இருக்குதுங்க."

"யாராச்சும் ஊத்துனாங்களா?"

"யாருங்க ஊத்துவாங்க?"

சுரேந்தர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஓட ஓடப் பெட்ரோல் ஏறும் காரை அவர் கேள்விப்பட்டதே இல்லை. பயமாகவும் இருந்தது, உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது. நோட்டை எடுத்துத் தேதி போட்டு எழுதிக்கொண்டார்.

"அப்ப வாசல்ல ஒரு பெட்ரோல் பங்க் போட்டுக்கலாம்," என்று சொல்லிவிட்டுப் பிரவீனா உள்ளே போய்விட்டாள்.

"சார், அந்த விசயம் ஒண்ணுங்க..." என்று இழுத்தார் தங்கராஜ்.

"ஞாயித்துக்கெழமை நீங்களும் வாங்க தங்கராஜ். தள்ளறதுக்கு ஆளு வேணும்."

ஞாயிற்றுக்கிழமை தங்கராஜ் விடிகாலை ஜெபத்தை முடித்துக்கொண்டு, குச்சியோடு பின்சீட்டில் ஏறினார். பட்டுப்புடவையில் பிரவீனா முன்சீட்டில் உட்கார்ந்தாள். சின்னியம்பாளையத்தில் கார் நின்றது.

மணி ஒன்பது இருபது. பிரவீனா போனில் இரும்புக்கடைக்காரரின் நம்பரை எடுத்து, புருஷன் கண்ணில் படும்படி வைத்துக்கொண்டாள். சுரேந்தர் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"தங்கராஜ், குச்சி!"

தங்கராஜ் இறங்கி ஓடி மூடியைத் திறந்து குச்சியை விட்டார். அதே நேரம் சாவியைத் திருப்ப, இன்ஜின் பிடித்துக்கொண்டது.

"நின்னுபோயிரும், ஏறுங்க, ஏறுங்க!" என்று பிரவீனா கத்தினாள். தங்கராஜ் ஒரு கையில் மூடியும் ஒரு கையில் குச்சியுமாகத் தாவி ஏறினார்.

நீலாம்பூர் தாண்டியது. கருமத்தம்பட்டி தாண்டியது. தெக்கலூரில் சுரேந்தர் விசிலடிக்க ஆரம்பித்துவிட்டார்.

"ஏனுங்க, பெட்ரோல் வாசம் கொடலைப் பெரட்டுது."

"ரெண்டு பம்புன்னா அப்படித்தான் அடிக்கும் கண்ணு."

"சார், அது வந்துங்க..."

"வண்டி ஓட்டறப்பப் பேச்சுக் குடுக்காதீங்க தங்கராஜ்."

பத்து மணி பத்து நிமிடத்துக்கு அவிநாசி மண்டப வாசலில் கார் போய் நின்றது. சுரேந்தர் பானெட்டையும் டிக்கியையும் திறந்துவைத்து, கூடிய சொந்தக்காரர்களுக்கு விளக்கம் சொன்னார். எல்லோரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். பிரவீனாவே முன்னால் வந்து, "பம்புன்னா இவருதானுங்க. இந்த வண்டிய நாங்க யாருக்கும் குடுக்கறதா இல்லை," என்றாள். சுரேந்தருக்குக் கண் கலங்கிவிட்டது.

பிரவீனாவின் அண்ணன் தம்பிதுரை அவர் தோளில் கைபோட்டார். "மாப்ள, என்ற பழைய ஜீப்பும் ஆயுத பூசையில இருந்து பாதி வழியிலயே நின்னு போகுதுங்க. அதுக்கும் ரெண்டு பம்பு மாட்டிக் குடுங்க."

தங்கராஜ் சின்னியம்பாளையத்திலிருந்து கையிலேயே வைத்திருந்த பெட்ரோல் டேங்க் மூடியைப் பணிவாக நீட்டினார்.

"அதுக்குப் பம்பு வேண்டாமுங்க சார், ஒரு குண்டூசி போதுமுங்க, மூடியில காத்துப் போற ஓட்டை அடைச்சா பெட்ரோல் வராது, டேங்குதான் சுருங்குமுங்க, அந்த ஓட்டையில நீங்க அப்பற சந்தனத்தை வருசா வருசம் நாந்தான் குத்தி எடுப்பனுங்க, இந்த வருசந்தான் பொட்டைத் தொடப்படாதுன்னு சொல்லிப் போட்டீங்க!"