ஐந்தாம் நம்பரில் சுழன்ற தக்காளி

அன்பும் அறிவும் ஒருசேர வாய்த்த என் அக்கா மகளுக்கு, மாமா எழுதுவது. இங்கே நான், உன் அத்தை, பால்கனி மூவரும் சுகம். அங்கே உன் உடம்பும் விடுதிச் சாப்பாடும் ஒன்றோடொன்று சமாதானமாகப் போகின்றன என்று நம்புகிறேன்.

முதலில் ஒன்று. இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்பே சொன்னேன். நீ அந்தத் தக்காளி நாற்றைக் கையில் கொடுத்து, "மாமா, இதைத் தலைகீழா தொங்கவிட்டு வளர்க்கணும், அஞ்சு வீட்ல குடுத்திருக்கேன், எத்தனை பழம், என்ன எடைன்னு எழுதி அனுப்புங்க, என் கடைசி வருஷப் படிப்பே இதுலதான் இருக்கு" என்றாயே, அப்போதே சொன்னேன். மற்ற நாலு வீட்டிலும் ஒரு பிஞ்சுகூட நிற்காது, மாமா வீட்டில் மட்டும் காய்க்கும் என்று. இப்போது நீயே எழுதியிருக்கிறாய்: நாலு வீட்டிலும் ஒன்றும் தேறவில்லை, வெள்ளிக்கிழமைக்குள் பேராசிரியரிடம் நோட்டைக் கொடுக்க வேண்டும், உங்கள் செடியைத்தான் நம்பியிருக்கிறேன் என்று. தாராளமாக நம்பு.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியவன்தான். ஆனால் முப்பத்தோரு வருஷமாக ஃபேன் மெக்கானிக். தலைகீழாகத் தொங்குகிற பொருளின் மனசு எனக்குத் தெரிகிற மாதிரி எந்தப் பேராசிரியருக்கும் தெரியாது. இந்த ஊரில் நான் மாட்டாத ஃபேன் இல்லை, நான் மாட்டிய ஃபேன் விழுந்ததும் இல்லை (ஒரே ஒரு முறை, அதுவும் கட்டில் மேல்தான், கட்டிலில் அப்போது யாரும் இல்லை). பழைய பெயின்ட் பக்கெட் ஒன்றை எடுத்து, அடியில் ஓட்டை போட்டு, தண்டைச் சுற்றி ஸ்பான்ஜ் வைத்து, நாற்றின் தலை கீழே தெரிகிற மாதிரி நுழைத்து, மேலே மண்ணைக் கொட்டிப் பால்கனிக் கொக்கியில் மாட்டினேன். தெருவில் போனவர்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள். போலீஸ் வந்து கூட்டத்தைக் கலைக்க வேண்டியதாயிற்று என்று சொன்னால் நீ நம்பமாட்டாய், அதனால் சொல்லவில்லை.

ஒரு வாரத்தில் செடி திமிர ஆரம்பித்தது. கீழே போகச் சொன்னால் தண்டை வளைத்து மேலே போகிறது. நான் விடுவேனா? நுனியில் நூல் கட்டி, நூலில் ஒரு போல்ட் நட்டைத் தொங்கவிட்டேன். மறுநாள் அது நட்டையும் தூக்கிக்கொண்டு மேலே பார்க்கிறது. உன் அத்தை துணி காயப்போட வந்தவள் பார்த்துவிட்டு, "என்னங்க, வெளிச்சம் எந்தப் பக்கம் இருக்குன்னு அதுக்கே தெரியுது. உங்களுக்குத்தான் தெரியலை" என்றாள். படித்தவளா அவள்? இல்லை. அதனால் மன்னித்துவிட்டேன்.

அடுத்தது தண்ணீர். மேலே ஊற்றினால் கீழே சொட்டும், அது இயற்கை. சொட்டிய இடம்தான் தப்பு. கீழ் வீட்டுக்காரர் நாற்பது வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவர். சட்டைப்பையில் இன்னும் சிவப்புப் பேனாதான் இருக்கும், ஆகவே எங்களுக்கு அவர் சிவப்பு மை. அவர் பேப்பர் படிக்கிற நாற்காலி சரியாகப் பக்கெட்டுக்கு நேர் கீழே. மன்னிக்கச் சொல்லி ஒரு சீட்டு எழுதி அவர் கதவிடுக்கில் செருகினேன். சாயங்காலம் சீட்டு திரும்பி வந்தது, பதினான்கு இடத்தில் சிவப்பு வட்டத்தோடு. அடியில், "திருத்தி எழுதவும். பிறகு மன்னிப்பதைப் பற்றி யோசிக்கலாம்" என்று இருந்தது. இரண்டாம் முறை எழுதியதில் ஒன்பது வட்டம். முன்னேற்றம்தானே?

இதற்குள் இன்னொரு சிக்கல். வெயில் ஒரு பக்கம்தான் அடித்தது, செடி ஒரு பக்கமாகவே சாய்ந்தது. சாதாரண ஆளாக இருந்தால் தினமும் கையால் திருப்பி வைத்திருப்பான். நான் ஒரு பழைய ஃபேன் மோட்டாரின் இறக்கைகளைக் கழற்றிவிட்டு அதில் பக்கெட்டை மாட்டினேன். தானாகவே மெதுவாகச் சுற்றும், எல்லாப் பக்கமும் வெயில் படும். தனி ரெகுலேட்டர் எதற்கு என்று ஹால் ஃபேனின் ரெகுலேட்டரிலேயே வயரைச் சேர்த்துவிட்டேன். ஒன்றாம் நம்பருக்கு மேல் யாரும் திருப்பக் கூடாது என்று வீட்டில் உத்தரவு. மூன்று வாரம் ஒரு தக்காளிச் செடிக்காக நாங்கள் இருவரும் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். உனக்காகத்தான் கண்ணு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சரியான புழுக்கம். நான் கடைக்குப் போயிருந்தேன். உன் அத்தை ரெகுலேட்டரை ஐந்தில் வைத்துவிட்டு, காலை நீட்டிப் படுத்துவிட்டாள். நான் தெருமுனை திரும்பும்போது நம் பால்கனியில் செடி குடை மாதிரி விரிந்து சுற்றுகிறது. மண் நாலா திசையும் பறக்கிறது. கீழே சிவப்பு மை வெள்ளைச் சட்டையில் எழுந்து நின்று, "சார்! உங்க தோட்டம் கீழே வந்துட்டிருக்கு சார்!" என்று கத்துகிறார்.

மண் போனது, போல்ட் நட்டு எங்கே போனது என்று இன்றுவரை தெரியவில்லை. ஆனால் பக்கெட்? அது பிடித்த பிடியை விடவில்லை. யார் மாட்டிய பக்கெட்? செடியும் அசராமல் தொங்கியது. புது மண் போட்டேன், மோட்டாரைக் கழற்றினேன், இரண்டே மாதத்தில் தலைகீழாகத் தொங்கியபடியே பத்தொன்பது பழம். மொத்த எடை ஒரு கிலோ எழுநூறு கிராம். சட்டையைத் துவைத்துக் கொடுத்ததில் சிவப்பு மையும் சமாதானமாகிவிட்டார். இப்போது தினமும் சாயங்காலம் அவர் வாசலில்தான் எங்கள் பேச்சு. நோட்டில் தைரியமாக எழுது. பேராசிரியருக்குச் சந்தேகம் இருந்தால் என்னிடம் அனுப்பு, விளக்குகிறேன்.

நீ எழுதுகிற பரீட்சையெல்லாம் உனக்குப் பயந்து தேறட்டும். உன் அறை ஃபேன் சத்தமில்லாமல் ஓடட்டும். அத்தை உன்னை நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னாள்.

இப்படிக்கு,
உன் தாய்மாமா

பின்குறிப்பு: தபாலில் சேர்ப்பதற்கு முன் இந்தக் கடிதத்தைச் சிவப்பு மையிடம் காட்டினேன். எழுத்துப் பிழை ஏழுதான் என்று பாராட்டினார். பிறகு "பிடித்த பிடியை விடவில்லை" என்ற இடத்தில் பெரிதாக வட்டம் போட்டார். "என்ன சார், இதுல எழுத்து சரியாத்தானே இருக்கு?" என்றேன். "எழுத்து சரிதான் சார். பக்கெட் விழுந்தது என் தலைக்கு ஒரு அடி தள்ளி. நீங்க என்கிட்ட எவ்வளவு வேணாலும் அளந்துவிடுங்க, கேக்க நல்லாத்தான் இருக்கு. இது அந்தப் பொண்ணு நோட்டுல, அவ கையெழுத்துல ஏறப்போகுது" என்றார். அவர் வாசலிலேயே உட்கார்ந்து இந்தப் பின்குறிப்பை எழுதுகிறேன்.

விழுந்த செடியை அவர்தான் எடுத்தார். உடைந்த வாஷ்பேசின் ஒன்றில் மண் போட்டு, நேராக நட்டு, குச்சி கட்டித் தண்ணீர் ஊற்றினார். பத்தொன்பது பழமும் நிமிர்ந்து நின்று காய்த்தவை. எண்ணியதும் எடை போட்டதும் அவர், அதனால் அந்தக் கணக்கில் சந்தேகம் வேண்டாம். ஐந்தாவது வீட்டிலும் தலைகீழாக ஒரு காயும் பிடிக்கவில்லை என்றே எழுது. "காய்க்கலைன்னாலும் அதுவும் ஒரு முடிவுதான்" என்கிறார்.

இதையும் நான் முன்பே சொன்னேன் என்று இங்கே ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்கும் வட்டம் போட்டுவிட்டார்.