எதுக்கும்காரர் வீட்டு நடுப்பெட்டி

எதுக்கும்காரர் என்று ஓர் இனம் உண்டு. உங்கள் தெருவில் ஒருவராவது இருப்பார். தெரு கொஞ்சம் நீளம் என்றால் நான்கைந்து பேர் தேறுவார்கள். அடையாளம் காண்பது சுலபம். கடையில் ஒரு பொருளைக் கையில் எடுத்து, திருப்பிப் பார்த்து, தட்டிப் பார்த்து, முகர்ந்தும் பார்த்து, “நல்லாத்தான் இருக்கு” என்று வாயாரச் சொல்லி, கடைக்காரர் பில் புத்தகத்தைப் பிரித்துப் பேனா மூடியைக் கழற்றும் அந்த நொடியில், “எதுக்கும் இன்னொண்ணு பாத்துடலாம்” என்பார். அந்த ‘எதுக்கும்’தான் முத்திரை. எதற்கு என்று கேட்டுவிடாதீர்கள். எதற்கும்தான்.

இவர்கள் கெட்டவர்கள் இல்லை. யாரையும் ஏமாற்ற மாட்டார்கள். ஏமாறவும் மாட்டார்கள், ஏமாறுவதற்கு முதலில் ஏதாவது வாங்கியாக வேண்டுமே. இவர்கள் குடையைத் தேர்ந்தெடுப்பதற்குள் மழைக்காலம் முடிந்துவிடும். தொட்டிலைத் தேர்ந்தெடுப்பதற்குள் குழந்தை நடந்துபோய்க் கதவைத் திறந்துவிடும்.

நாம் பார்க்கப்போகிறவர் மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிறவர். காலை முதல் மாலை வரை, இருட்டறையில் உட்கார்ந்திருப்பவர்களின் மூக்கின்மேல் வில்லைகளை மாற்றி மாற்றிச் செருகி, “இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா? ஒண்ணா ரெண்டா? சட்டுனு சொல்லுங்க” என்று அதட்டுவதுதான் தொழில். யாராவது “ரெண்டும் ஒரே மாதிரி இருக்கே” என்று இழுத்தால் அவருக்குக் கோபம் வரும். ஒரு முடிவு எடுக்கத் தெரியாதா என்று.

அவர் வீட்டு ஹாலில் ஹோம் தியேட்டர் இருந்தது. முன்னால் இரண்டு ஸ்பீக்கர், பின்னால் இரண்டு, மூலையில் தரையோடு ‘தும்’ என்று அதிர ஒன்று. டிவிக்குக் கீழே மட்டும் ஓர் இடம் காலி. அங்கே வர வேண்டியதுதான் நடுப்பெட்டி. சினிமாவில் மனிதர்கள் பேசும் பேச்செல்லாம் அதன் வழியாகத்தான் வரும். மற்றப் பெட்டிகள் காற்று, மழை, குண்டுவெடிப்பு வகையறாவுக்கு.

நடுப்பெட்டியைப் பதினான்கு மாதமாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார். எப்படியும் வரத்தானே போகிறது என்று, டிவியின் சொந்த ஒலியை அணைத்துவிட்டு, ‘நடுப்பெட்டி உண்டு’ என ஆம்ப்ளிஃபயரில் முன்கூட்டியே பதிந்தும் வைத்துவிட்டார். கருவிக்கு என்ன தெரியும்? பேச்சு முழுவதையும் அந்தக் காலி இடத்துக்கு ஒழுங்காக அனுப்பிக்கொண்டிருந்தது. ஆகவே பதினான்கு மாதமாக அந்த வீட்டில் குதிரை ஓடும், கண்ணாடி உடையும், இடி இடிக்கும். ஒரு மனிதன்கூட வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. காதலன் வாயசைப்பான், காதலி அழுவாள். ஏன் அழுகிறாள்? அது அவரவர் யூகம்.

“அந்த செட்டிங்க மாத்தித் தொலைங்களேன்” என்பார் மனைவி.

“மாத்தினா எல்லாப் பெட்டிக்கும் மறுபடி ஒலி அளவு எடுக்கணும். பெட்டி இந்த வாரம் முடிவாயிடும்.”

மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. அறுபது பிள்ளைகளைக் குச்சியில்லாமல் உட்கார வைக்கிற குரல். அந்தக் குரலே இவர் காதில் ஏறாதபோது பெட்டியின் குரல் எம்மாத்திரம்?

ஏறவில்லை என்பதற்குச் சாட்சி ஒரு செவ்வாய்க்கிழமை. மனைவியின் அப்பா தனியாக இருந்தவர். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பில் கம்பி வைத்திருந்தார்கள். மருத்துவமனையிலிருந்து விடப்போகிறார்கள். மனைவி கையில் பையோடு நின்று கேட்டார்: “என்னங்க, நம்ம வீட்டுக்குக் கொண்டு வந்துடலாம்தான? ஹால்ல எங்க வைக்கலாம்?”

இவர் கைப்பேசியில் இரண்டு பெட்டிகளின் படத்தை மாற்றி மாற்றிப் பார்த்தபடி, நிமிராமலே சொன்னார்: “தாராளமா. நடுவுலதான் வைக்கணும். சுவத்த ஒட்டக் கூடாது, ரெண்டடி முன்னால இழுத்துப் போட்டுடு.”

மனைவி பையோடு மருத்துவமனைக்குக் கிளம்பினார். இப்படி ஒரு மனுஷனை இத்தனை வருஷம் தப்பாக நினைத்துவிட்டோமே என்று போகிற வழியெல்லாம் வருந்தினார்.

மாலையில் கடையிலிருந்து வீடு திரும்பிய எதுக்கும்காரர் பார்த்தது: ஐந்து பெட்டிகளின் ஒலியும் கூடிவந்து சேரும் என்று தரையில் டேப் ஒட்டி அவர் குறித்துவைத்திருந்த அந்த ஒரே இடத்தில், சுவரை விட்டு இரண்டடி தள்ளி, ஒரு கட்டில். கட்டிலில் மாமனார்.

“வாங்க மாப்பிள்ளை. நீங்களே இடம் சொன்னீங்களாம். பெரிய மனசு.”

என்ன சொல்வார்? “உங்களுக்குச் சௌகரியமா இருந்தா சரி மாமா” என்றார். குரல் கொஞ்சம் கம்மியிருந்தது. பாசம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

உண்மையில் கட்டிலுக்கு அதைவிட நல்ல இடம் அமையாது. இரண்டு பக்கமும் ஆள் நின்று தூக்கலாம். காலைத் தொங்கப்போட்டால் பாதம் தரையில் பதியும். குளியலறைக்கு நேர் வழி. சிக்கல் ஒன்றே ஒன்று. மாமனார் அச்சுக்கூடத்தில் நாற்பது வருடம் இயந்திரம் ஓட்டியவர். இடது காதை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர். வலது காதில்தான் ஏதோ கொஞ்சம் மிச்சம். பகல் முழுக்க மகள் பள்ளியில், மாப்பிள்ளை கடையில். கூட இருப்பது டிவி. அதுவோ இடி மழை தவிர ஒன்றும் பேசாது.

பத்தாம் நாள் அவர் மகளிடம் சொன்னார்: “நான் என் வீட்டுக்கே போயிடறேம்மா. அங்க யாரும் இல்ல, அதனால ஒண்ணும் கேக்காது. இங்க எல்லாம் இருந்தும் ஒண்ணும் கேக்கல. இதுக்கு அது தேவல.”

அதே வாரம், தரையில் கிடந்த ஸ்பீக்கர் ஒயரில் அவருடைய வாக்கரின் கால் சிக்கி, கட்டில் சட்டத்தைப் பிடித்துத் தப்பினார். இன்னொரு முறை விழுந்தால் எழுந்து நடப்பது சந்தேகம் என்று மருத்துவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். தனி வீட்டில் விழுந்தால் தூக்கக்கூட ஆளில்லை.

மனைவி கணவரின் கைப்பேசியை வாங்கிக் கவிழ்த்து வைத்தார். அறுபது பேருக்கான குரலை ஒருவருக்காக எடுத்தார்.

“ஞாயித்துக்கிழமை மத்தியானம் பன்னெண்டு மணி. அதுக்குள்ள அந்தப் பெட்டி பேசணும். இல்லன்னா ஒரு மணிக்கு அப்பா கிளம்புவாரு. அவர் பைய எடுத்து வெச்சாச்சு. விழுந்தா பொறுப்பு நீங்க.”

எதுக்கும்காரருக்குக் கெடு வைப்பது மீனைக் கரையில் போடுவது மாதிரி. துடித்தார். ஸ்பீக்கர் கடைக்காரரின் கையைக் காலைப் பிடித்து, கடைசிச் சுற்றுக்கு வந்திருந்த இரண்டு நடுப்பெட்டிகளையும் வீட்டுக்கே கொண்டுவந்தார். “ஞாயிறு பன்னெண்டுக்கு வருவேன். ஒண்ணு எனக்கு, ஒண்ணு உங்களுக்கு” என்றார் கடைக்காரர். இவரை அவருக்குப் பதினான்கு மாதப் பழக்கம்.

அப்புறம் தொடங்கியது சோதனை. எல்லா எதுக்கும்காரர்களுக்கும் ஒரு சோதனைச் சடங்கு உண்டு. சிலர் மெத்தையில் குதிப்பார்கள், சிலர் கார்க் கதவைச் சாத்திச் சாத்தித் திறப்பார்கள். இவருக்கு ஒரு படத்தில் ஒரு காட்சி. பதினாலு விநாடி. கொட்டும் மழையில் ஒரு பெண் கதவைத் திறந்து, வாசலில் நிற்பவனிடம் சொல்வாள்: “வர்றதுன்னா வாங்க, போறதுன்னா போங்க. வாசல்லயே நிக்காதீங்க.” அவ்வளவுதான். இதை நான்கு நாளில் முந்நூறு தடவை போட்டார். முதல் பெட்டியில் ‘வாங்க’ நன்றாக இருந்தது, இரண்டாவதில் ‘போங்க’. என்ன செய்வது?

ஞாயிறு பதினொன்றரை மணிக்கு அவருக்கு ஒரு ஞானம் பிறந்தது. கண் பார்ப்பதால்தான் மனம் அலைகிறது. மறைத்துவிட்டால்? டிவிக்கு முன்னால் ஒரு படுக்கை விரிப்பைக் கயிற்றில் தொங்கவிட்டார். மனைவி விரிப்புக்குப் பின்னால் உட்கார்ந்து ஒயரை இந்தப் பெட்டிக்கும் அந்தப் பெட்டிக்கும் மாற்ற வேண்டும். நடுவர், மாமனார்.

“மாமா, ஒண்ணா ரெண்டா? சட்டுனு சொல்லிடணும்.”

“சொல்றேன் மாப்பிள்ளை. ஒண்ணுமே கேக்கலன்னா அதையும் சொல்லலாம்ல?”

முதல் சுற்று. மழை கொட்டியது. பெண் பேசினாள். மாமனார் உதட்டைப் பிதுக்கினார். “யாரோ பக்கத்துத் தெருவுல பேசற மாதிரி இருக்கு.”

“அடுத்தது போடு” என்றார் இவர்.

விரிப்புக்குப் பின்னால் மனைவி ஒயரைப் பிடுங்கினார். முந்நூறு தடவை பிடுங்கிச் செருகியதில் நைந்திருந்த முனை கையோடு வந்துவிட்டது. கம்பி அறுந்து போயிற்று. மணி பதினொன்று ஐம்பது. விரிப்புக்கு வெளியே, “ரெடியா?” என்று கணவரின் குரல். மழை ஆரம்பித்துவிட்டது. இன்னும் மூன்று விநாடியில் அந்தப் பெண் கதவைத் திறந்தாக வேண்டும்.

ஆசிரியை என்ன செய்தார் தெரியுமா? விரிப்பை ஒட்டி நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, தானே சொன்னார்:

“வர்றதுன்னா வாங்க, போறதுன்னா போங்க. வாசல்லயே நிக்காதீங்க.”

மற்றப் பெட்டிகளில் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

“ஆகா” என்றார் எதுக்கும்காரர். கண்கள் மூடியிருந்தன. “கேட்டீங்களா மாமா? அப்படியே மனுஷக் குரல். ஆள் எதிர்ல உக்காந்து பேசற மாதிரி இருக்கு.”

“ஒவ்வொரு எழுத்தும் கேட்டுச்சு மாப்பிள்ளை” என்றார் மாமனார். அவர் மீசை மட்டும் லேசாக ஆடியது. பெற்ற பெண்ணின் குரல் தெரியாதா அவருக்கு?

“ஆனா கொஞ்சம் கண்டிப்பு ஜாஸ்தியா இருக்கு. மேல போகும்போது லேசா ஒரு எரிச்சல் தெரியுது. கவனிச்சீங்களா?”

“அது ரொம்ப நாளா இருக்கு.”

“எதுக்கும் இன்னொரு தடவ போடு.”

மழை. கதவு. “வர்றதுன்னா வாங்க, போறதுன்னா போங்க.” இந்த முறை எரிச்சல் லேசாக இல்லை.

“இன்னும் ஒரே ஒரு தடவ. அந்த ‘போங்க’ மட்டும் சரியாப் பாத்துக்கறேன்.”

மழை. கதவு. அழைப்பு மணி வேறு அடித்தது.

“வர்றதுன்னா வாங்க, போறதுன்னா போங்க. கடைக்காரர் வந்து வாசல்ல நிக்கறாரு.”

எதுக்கும்காரர் நெற்றியைச் சுருக்கினார். “இந்தக் காட்சியில கடைக்காரர் எங்க வந்தாரு?”

மாமனார் அதற்குமேல் தாங்கவில்லை. இடுப்பில் கம்பி வைத்தவர் அப்படிச் சிரிக்கக் கூடாது. ஒரு கையால் இடுப்பையும் இன்னொரு கையால் கட்டிலையும் பிடித்துக்கொண்டு, சத்தமே வராமல் குலுங்கினார். மனைவி விரிப்பைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, அறுந்த ஒயரைக் கணவரின் உள்ளங்கையில் வைத்துவிட்டு, போய்க் கதவைத் திறந்தார்.

கடைக்காரர் உள்ளே வந்தார். “என்ன சார், ஒண்ணா ரெண்டா?”

எதுக்கும்காரர் இரண்டு பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார். கட்டிலுக்கடியில் கட்டி வைத்த பை தெரிந்தது. மணி பன்னிரண்டு. “ரெண்டுலயும் ஒரு…” என்று தொடங்கினார்.

மனைவி காத்திருக்கவில்லை. கட்டிலுக்கும் டிவிக்கும் இடையே இருந்த பதினோரு அடியைக் கண்ணால் அளந்தார். “எங்கப்பாவுக்கு என்னைத் தவிர யார் பேசினாலும் வலது காதுப் பக்கம் வந்து உக்காந்து பேசினாதான் கேக்குது. இந்தப் பெட்டி மட்டும் என்ன பெரிய மகராசா?” கைக்கு எட்டிய பெட்டி ஒன்றைத் தூக்கினார். சமையலறை ஸ்டூலைத் தலைமாட்டில், வலது பக்கம் போட்டு, அதன்மேல் வைத்தார். கடைக்காரரைப் பார்த்து, “அண்ணே, புது ஒயர் இருந்தா சுவரோட அடிச்சுக் கொண்டு வந்துடுங்க. நடக்கற வழியில ஒரு இஞ்ச் கூடக் கிடக்கக் கூடாது” என்றார்.

“அடியே, அது நடுப்பெட்டி. நடுவுல இருக்கணும்” என்று அலறினார் எதுக்கும்காரர்.

“நடுவுலதான இருக்கு? சுவத்த விட்டு ரெண்டடி தள்ளி நடுவுலன்னு நீங்கதான சொன்னீங்க?”

கால் மணி நேரத்தில் ஒயர் வந்துவிட்டது. மழை பெய்தது. வாசல் கதவைத் திறந்த பெண், மாமனாரின் காதருகே குனிந்து பேசுகிறமாதிரி பேசினாள். மாமனார் கேட்டு முடித்து, “நியாயமான பொண்ணு. அப்புறம் அவன் உள்ள வந்தானா இல்லையா?” என்றார். பதினான்கு மாதத்தில் அந்தப் பதினாலு விநாடிக்கு அப்பால் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. எல்லோரும் உட்கார்ந்து பார்த்தார்கள். ஒரு மணி ஆனது, ஒன்றரையும் ஆனது. இடைவேளையில் மாமனார், “அந்தப் பையில என் சீப்பு இருக்கும், எடுத்துக் குடும்மா” என்றார். மகள் பையையே பிரித்து, துணிகளை அலமாரியில் அடுக்கிவிட்டு வந்தார்.

ஸ்டூலில் இருந்தது முதல் பெட்டியா, இரண்டாவதா? யாரும் பார்க்கவில்லை. கடைக்காரர் மிச்சப் பெட்டியை வண்டியில் கட்டும்போது மட்டும், எதுக்கும்காரர் பின்னாலேயே போய்த் தணிந்த குரலில், “எதுக்கும் அது இன்னும் ஒரு வாரம் இங்கயே…” என்றார். கடைக்காரர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அனுபவஸ்தர்.

இப்போது எதுக்கும்காரர் ஸ்டூல் தேடிக்கொண்டிருக்கிறார். சமையலறை ஸ்டூல் அதிர்கிறதாம். மூன்று கால் ஸ்டூலா, நாலு கால் ஸ்டூலா என்பதில் வந்து நிற்கிறது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நல்லதுதான். ஆனால் இதைப் படித்துக்கொண்டிருந்தபோது, நடுவில் வீட்டில் யாரோ வந்து உங்களிடம் ஏதோ கேட்டார்கள். நீங்கள் நிமிராமலே “ம்” என்றீர்கள்.

போய்ப் பாருங்கள். ஹாலில் கட்டில் போட்டாகிவிட்டதா என்று.