ஸோட். பைகார்ப். என்றால் ஆப்பசோடா

தெரியாமல் செய்த தப்பை ஊர் மன்னித்துவிடும். நான் செய்தது தெரிந்து செய்தது. (அதிலும் சரியாகத் தெரிந்து!)

யுத்தம் தொடங்கிய வருஷம், ஐப்பசி அடைமழை. உசிலம்பட்டியில் பருத்தி வியாபாரம் பார்த்த என் மாமனார், தீராத வயிற்றெரிச்சலுக்கு வைத்தியம் செய்துகொள்ள மதுரையில் எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தார். டாக்டர் எழுதிய சீட்டை மருந்துக்கடையில் கொடுத்து, வேளைக்கு ஒரு வெட்டாக அளவுக் காகிதம் ஒட்டிய புட்டியில் மிக்ஸ்சர் மருந்து வாங்கி வந்தேன். நாலைந்து நாளில் மாமா எழுந்து உட்கார்ந்து தோசை கேட்டார்.

"பெரிய டாக்டரு மருந்துன்னா சும்மாவா!" என்றார்.

அப்போது நான் ஓர் ஆங்கில மருந்து நூலை வாசித்துக்கொண்டிருந்தேன். (உத்தியோகம் தாலுகா ஆபீஸில், வைத்தியத்துக்கும் எனக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.) சீட்டைப் பிரித்து, மாமா முன்னால் சுருக்கப் பெயர்களை ஒவ்வொன்றாக உடைத்தேன்.

"ஸோட். பைகார்ப். - நம்ம ஆப்பசோடா, மாமா. டிங்ச். ஸிஞ்ஜிப். - சாராயத்துல ஊறின இஞ்சி. அக். ஆட் - மிச்சம் பூராத் தண்ணி."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்!" என்றேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

மாமாவின் முகம் சுண்டிப்போயிற்று. மகளைக் கூப்பிட்டார். "ஏத்தா, ஆப்பசோடா குடிக்கவா என்னைய மதுரைக்கு வண்டி ஏத்துன?"

அன்று சாயங்காலமே எரிச்சல் திரும்பியது. புட்டியைத் தொடவில்லை, தோசையும் வேண்டாமாம். மறுபடி படுத்த படுக்கையாகிவிட்டார்.

"எங்கப்பாவைக் கொன்னுட்டுத்தான் அந்தப் புஸ்தகத்தை மூடுவீங்களா?" என்றாள் மனைவி.

டாக்டரை வீட்டுக்கே அழைத்து வந்தேன். நடந்ததைக் கேட்டுவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். புதுச் சீட்டு எழுதினார். பழைய மருந்தேதான், கூடுதலாக ஒரு வரி: டிங்ச். கார்ட். கோ. அதாவது ஏலக்காய், பட்டை, கொஞ்சம் சிவப்புச் சாயம்.

மிக்ஸ்சர் செக்கச்செவேலென்று வந்தது. மாமா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, சீட்டை என்னிடம் நீட்டினார்.

"மாப்ள, இதுல என்னதான் இருக்கு? படிங்க."

யாராவது ஒரு தேதியைப் பிசகிச் சொன்னாலே திருத்தாமல் விடாதவன் நான். மனைவி கதவோரம் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது... எனக்கே பிடிபடலை, மாமா. ரொம்பக் கடுமையான மருந்து போல."

"அப்படிச் சொல்லுங்க!"

ஒரு வேளை மருந்தை ஒரே மடக்கில் குடித்தார். ஐப்பசி முடிவதற்குள் குணமாகி ஊர் திரும்பினார்.

அவரைத் தூக்கி நிறுத்தியதில் சோடாவின் பங்கு எவ்வளவு, புரியாத எழுத்தின் பங்கு எவ்வளவு என்று நான் அதற்குப் பிறகு எத்தனையோ நூல்களில் தேடிவிட்டேன். எதிலும் இல்லை.

இப்போதும் வீட்டில் யாராவது மருந்துச் சீட்டை என்னிடம் நீட்டினால், அடுக்களையிலிருந்து மனைவியின் குரல் வந்துவிடும்:

"முதல்ல குடிச்சுக் குணமாகுங்க. அப்புறமா அவருகிட்ட காட்டுங்க!"