நாற்பத்தொன்றில் ஒரு பீப்

உலகைக் காப்பாற்றும் பொறுப்பு ஒவ்வொரு காலத்திலும் யாராவது ஒருவர் தலையில் விழுகிறது. இந்தக் காலத்தில் அது அலுவலக மேலாளர் தலையில் விழுந்தது. அவர் அதைக் கூட்ட அறையில் குவித்து வைத்திருந்தார்: மானிட்டர், பிரிண்டர், யுபிஎஸ் என்று செத்துப்போன நாற்பத்தொரு சாமான்கள்.

மூன்று மணிக்கு மறுசுழற்சி லாரி வரும். பேட்டரி உள்ள எதையும் ஏற்ற மாட்டார்கள். தீப்பிடித்தால் வண்டியே போய்விடும். பேட்டரிகளை ஒன்றுவிடாமல் கழற்றியாயிற்று என்று தலைமையகத்துக்கு மேலாளர் கையெழுத்தே போட்டுக் கொடுத்துவிட்டார்.

பன்னிரண்டு மணிக்குப் 'பீப்' என்றது.

"கேட்டுச்சா?" மேலாளர் விரலை உயர்த்தினார்.

"நல்லாவே கேட்டுச்சு சார். பிரிண்டர்தான்" என்றார் குமாஸ்தா.

"எனக்கும் கேட்டுச்சு சார்!" காசாளர் முந்திக்கொண்டார். "ஆனா சத்தம் மானிட்டர் பக்கமிருந்து..."

பிரிண்டரைப் பிரித்தார்கள். பேட்டரி இல்லை, ஒரு குடம் கறுப்பு மைத்தூள் இருந்தது. தூள் பறக்கட்டும் என்று காசாளர் மின்விசிறியைப் போட்டார். பறந்தது. எல்லோரும் ஒரே நிறமானார்கள்.

'பீப்.'

"மறுபடியும்!"

"ஆமா சார், இந்தத் தடவை இன்னும் சத்தமா!" குமாஸ்தா இருமிக்கொண்டே சொன்னார்.

மானிட்டர்களின் வயிற்றைப் பிளந்தார்கள். பின்பு யுபிஎஸ். பின்பு, யார் மேல்தான் சந்தேகப்படுவது என்று தெரியாமல், கீபோர்டுகளையும்.

மூன்று மணிக்கு லாரி ஓட்டுநர் எட்டிப் பார்த்துவிட்டுக் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினார்.

"என்ன சார் இது! முழுசா இருந்தாத்தான் எடுப்போம். உடைச்சா ஈயம், பாதரசம் எல்லாம் தூசியில கலந்துரும். மொதல்ல வெளிய வந்து மூஞ்சிய கழுவுங்க!"

லாரி காலியாகவே திரும்பிப் போனது.

ஓட்டுநர் வாயசைத்ததைத் தவிர மேலாளர் எதையும் கவனிக்கவில்லை. அவர் முகத்தில் திடீரென்று ஒரு வெளிச்சம்.

"நின்னுபோச்சு! பீப் நின்னே போச்சு!"

"ஆமா சார், நின்னுபோச்சு!" குமாஸ்தாவும் காசாளரும் கைதட்டினார்கள்.

ஈரத்துணியோடு வந்த துப்புரவு அக்கா குமாஸ்தாவிடம் கேட்டாள்: "நெஜமா சொல்லு தம்பி. ஒனக்கு ஒரு தடவையாச்சும் கேட்டுச்சா?"

"...இல்லக்கா."

"எப்படிக் கேக்கும்? சார் காதுக்குள்ள ஒரு மெஷின் வச்சிருக்காருல்ல, அதுல பேட்டரி தீரும்போது அவருக்கு மட்டும் பீப் பீப்னு கேக்கும். இப்ப சுத்தமா தீந்துருச்சு."

இதை அவள் மேலாளருக்கு ஒரு முழம் தள்ளி நின்றுதான் சொன்னாள். அவர் புன்னகையோடு தலையாட்டினார்.