விளக்கம் ரைட்டரும் மூன்று கட்டமும்

சரியான விடையைக் கேட்டு ஆத்திரப்படுகிற மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். கொட்டச்சேடு பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டர். ஆள் பேர் எழுதி, பறித்த பழத்தை எடை போடுவது வேலை. அதே ஆபீசில் கிளார்க்காக ஐந்து வருஷம் அவரிடம் சிக்கியிருந்தேன். நாங்கள் வைத்த பெயர் ‘விளக்கம்’.

ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் குறுக்கெழுத்துப் புதிர் வரும். சொல்லை உடைத்து, ஒளித்து, சுற்றி வளைத்துக் குறிப்புக் கொடுக்கிற வகை. விடை தெரிந்தால் மட்டும் போதாது, அது ஏன் விடை என்று விளக்கினால்தான் கட்டத்தில் எழுதலாம் என்பது அவர் சட்டம். பேப்பர் என்னுடையது, பேனா என்னுடையது, சட்டம் மட்டும் அவருடையது!

ஒருநாள் தராசில் மூட்டை ஏறிய நேரம் பார்த்து, “தலையில்லாத கவிதையை மண்ணில் போடு, ரெண்டெழுத்து” என்று படித்தார்.

மூட்டைக்குச் சொந்தக்காரி பொன்னி, “மண்ணுல போடறது விதைங்க. எடையப் போடுங்க, ஊட்டுக்குப் போவோணும்” என்றாள்.

ரைட்டர் முகம் சிவந்துவிட்டது. “கவிதைல தலையெழுத்து ‘க’ போனா விதை. அதச் சொல்லாம விடைய மட்டும் சொன்னா, அது திருட்டுங்க!” பொன்னிக்குப் பின்னால் பதினோரு பெண்கள் தூறலில் மூட்டையோடு நின்றார்கள்.

எல்லா விடையும் சரியாக அனுப்பியவர்களின் பெயரைப் பேப்பரில் போடுவார்கள். என் பெயர் அதுவரை அச்சானது என் கல்யாணப் பத்திரிகையில் மட்டும். பேப்பரில் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு வெறி. ஒரு வாரம், ஒரு சொல் தவிர எல்லாம் முடிந்தது. புதன் மாலை ஐந்துக்குள் வாட்ஸ்அப்பில் போக வேண்டும். எஸ்டேட்டிலேயே சிக்னல் எடுப்பது ரைட்டர் போன் மட்டும். அதுவும் காப்பி காயவைக்கும் களத்தின் ஓரத்தில்.

கடைசிக் குறிப்பு: ‘வலிமைக்குக் கால் முளைத்தால் ஆற்றைக் கடக்கலாம்.’ மூன்றெழுத்து.

“பாலம்! அனுப்புங்க!” என்றேன்.

“ஏனுங்க பாலம்? ஓடமும் மூணெழுத்துத்தானுங்க.”

“நடுவுல ‘ல’ விழுந்திருக்குதே, ரைட்டரே!”

“அது விழுந்துது. வலிமை எங்கீங்க? காலுன்னா காத்து, காலுன்னா நாலுல ஒண்ணு. எந்தக் காலுங்க?”

மணி நாலு ஐம்பது. கெஞ்சினேன், கத்தினேன், போனைப் பிடுங்கப் பார்த்தேன். ஐந்து மணிக்குப் போனைப் பையில் போட்டுக்கொண்டு, “நாளைக்கு யோசிப்பமுங்க” என்றார், பாவி மனுஷன்!

ஞாயிறு விடை வந்தது: பாலம். பெயர்ப் பட்டியலில் நான் இல்லை. ரைட்டரோடு பேச்சை நிறுத்தினேன்.

நாலாம் நாள் காலை மஞ்சக்குட்டையில் என் வீட்டு வாசலில் நனைந்துபோய் நின்றார். “கெடச்சிருச்சுங்க! ஆள் பேருக்குத் துணைக்கால் போடறப்பத்தான் வெளங்குச்சு. வலிமைன்னா பலம். ‘ப’வுக்குத் துணைக்கால் போட்டாப் பாலமுங்க!”

ஒன்றாம் வகுப்புப் பாடம்! “கெடு முடிஞ்சு ஒரு வாரமாச்சு. இப்பச் சொல்லி என்ன பிரயோசனம்?”

“கெடு முடிஞ்சா வெளக்கம் முடிஞ்சிருமுங்களா?”

முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினேன். நொம்ப நேரம் நின்றுவிட்டுப் போனதாக மனைவி சொன்னாள்.

இரண்டு வாரம் கழித்து அதே பேப்பரில் ஒரு கடிதம்: ‘பாலம் என்ற விடையை என் நண்பர் உரிய நேரத்தில் சொன்னார். அனுப்பவிடாமல் தடுத்தது என் தவறு. அவர் பெயரை அருள்கூர்ந்து வெளியிடவும்.’ அதன் கீழே, கேட்டபடியே, என் முழுப் பெயரைப் போட்டிருந்தார்கள். எழுதியவர், ‘ஒரு வாசகர்.’

இப்போது இந்தப் பத்தியை எழுதுவதால் வாராவாரம் என் பெயர் அச்சாகிறது. ஆனாலும் அந்தத் துண்டுப் பேப்பர்தான் என் பர்சில் இருக்கிறது. இதைப் படித்ததும் போன் போட்டு, “ஏனுங்க என்னையப் பத்தி எழுதுனீங்க?” என்று குடைவார்.

விடை எனக்குத் தெரியும், ரைட்டரே. விளக்கம்தான் சொல்ல வரவில்லை.