மச்சானுக்காக ஒரு மஞ்சள் பெல்ட்

மச்சான் வேணுவை எப்பாடுபட்டாவது வீட்டை விட்டுக் கிளப்பிவிடுவது என்று பரசுராமன் முடிவு கட்டினார்.

வேணு, மனைவி தனத்தின் தம்பி. சித்திரா பௌர்ணமிக்கு மலை சுற்ற வந்தவன். சுற்றியதில் காலெல்லாம் கொப்புளம். அது ஆறுவதற்குள் அடுத்த பௌர்ணமி. "மலை சுத்தாம ஊருக்குப் போனா சாமி குத்தம் மாமா" என்று மறுபடி சுற்றுவான். மறுபடி கொப்புளம். ஆடி பிறந்துவிட்டது. அண்ணாமலை நகர்ந்தாலும் நகரும், வேணு நகரமாட்டான். கட்டில் அவனுக்கு, பாய் பரசுராமனுக்கு.

பரசுராமன் லாட்ஜ் மேனேஜர். தினமும் எத்தனையோ பேரை ரூம் காலி பண்ண வைக்கிறவர். வீட்டில் வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. பேரில் மட்டும் கோடாலி இருந்து என்ன பிரயோஜனம்?

செங்கம் ரோட்டில் ஒரு மொட்டைமாடியில் கராத்தே வகுப்பு நடந்தது. மஞ்சள் பெல்ட்டோடு ஒரு சத்தம் போட்டால் வேணு பஸ் ஏறிவிடுவான் என்று கணக்குப் போட்டுச் சேர்ந்தார். முதல் நாள் தூக்கிய கால் இறங்க மறுத்தது.

"மாஸ்டர், நல்ல கராத்தேக்காரனுக்கு எந்த உதை முக்கியம்?"

மாஸ்டர் கோதண்டராமன் சிரித்தார். "உதைக்கிறது கழுதைக்கும் தெரியும் சார். கோவம் வராதவன்தான் கராத்தேக்காரன். பெல்ட் குடுக்கறதுக்கு முன்னாடி வீட்டுக்கு வந்து சம்சாரத்தைக் கேப்பேன்."

"என்னானு?"

"கோவப்பட்டீங்களானு. பட்டிருந்தா பெல்ட் கெடையாது."

மாஸ்டர் சம்சாரமும் தனமும் ஒரே குழாயடி. சாயங்காலமே சேதி தனத்தின் காதுக்கு வந்துவிட்டது.

"ஏங்க, வேணு கால ஊற வெக்கணுமாம். வெந்நி வெச்சுக் குடுங்க."

"நானா?"

"கோவமா கேக்கறீங்களா?"

"இல்ல தனம். சும்மாதான் கேட்டேன்."

வெந்நீர் வைத்தார். வேணுவின் வேட்டியைத் துவைத்தார். சாம்பாரில் உப்பு கம்மி என்று அவன் சொன்னபோது சிரித்துக்கொண்டே உப்பை நகர்த்தினார். நெஞ்சு எரிந்தது. அண்ணாமலையாரே, இது என் வீடுதானா என்று பாயில் கிடந்து அழாத குறையாகக் கேட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் வந்தார். தனம் காபி கொடுத்தாள். "தங்கமான மனுஷன் மாஸ்டர். கோவம்னா என்னானே தெரியாது."

மஞ்சள் பெல்ட் கைக்கு வந்தது. மாஸ்டர் படியிறங்கியதும் பரசுராமன் அதை இறுக்கிக் கட்டிக்கொண்டு தொண்டையைச் செருமினார்.

"டேய் வேணு. நாளைக்கு மொதல் பஸ்சுல..."

"கொரல் ஜாஸ்தியா இருக்கேங்க," என்றாள் தனம், டம்ளரைக் கழுவியபடி. "மாஸ்டர் தெருமுனைலதான் போறாரு. கூப்புடவா?"

பரசுராமனின் குரல் பாதியாக இறங்கியது. "மொதல் பஸ்சுல ஊருக்குப் போறியாப்பானு கேக்க வந்தேன்."

"அவன் எப்பிடிங்க போவான்? உங்களப் பாத்து அவனுக்கும் ஆச வந்துடுச்சு. இப்பதான் மாஸ்டர்கிட்ட சொல்லி கிளாஸ்ல சேத்தேன். கருப்பு பெல்ட்டு வாங்க நாலு வருசம்தான் ஆவுமாம்."