காற்றுக்கே திசை சொன்னவர்

கற்றுக்கொள்ள வருவதற்கு முன்பே கற்று முடித்துவிட்டவர் என்று ஓர் இனம் உண்டு. நீச்சல் வகுப்பிலும் இருப்பார், சமையல் வகுப்பிலும் இருப்பார். ஆனால் அவரை முழுப் பொலிவோடு பார்க்க வேண்டுமென்றால் ஸ்காட்லாந்து மலைப்பக்கம், மான் வேட்டைக்கான ஆரம்ப வகுப்புக்குத்தான் நீங்கள் வர வேண்டும்.

இந்த அக்டோபரில் வந்தவர் டூகல் பிரிங்கிள். கிளாஸ்கோவில் கார் விற்பவர். பச்சை மேலங்கி, பச்சைத் தொப்பி, கழுத்தில் தொலைநோக்கி, இடுப்பில் கத்தி, அந்தக் கத்தியைத் தீட்ட இன்னொரு கருவி, இத்தனைக்கும் மேலே குளிர்காலம் முழுக்கப் பார்த்துத் தீர்த்த வீடியோக்களின் ஞானம் என்று சர்வ அலங்காரத்துடன் வந்து இறங்கினார். மான் மட்டும்தான் பாக்கி.

பாடம் நடத்திய இஷ்பெல் மக்ரே கால்நடை மருத்துவர். அவர் தொடங்கும் வாக்கியத்தையெல்லாம் டூகல் முடித்துவைத்தார்.

"மானுக்குக் கண்ணைவிட மூக்குதான்..."

"கூர்மை. தெரியும்."

"சுட்டதும் எழுந்து ஓடாம..."

"காத்திருக்கணும். அதுவும் தெரியும்."

காகித மானை நெஞ்சுக்கு நேராகச் சுட்டும் காட்டினார். குறி தப்பவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

மறுநாள் மலையேறினார்கள். "காத்து நமக்கு எதிர்த்தாப்ல வருது," என்றார் டூகல், போனைப் பார்த்தபடி. இஷ்பெல் காய்ந்த புல்லைக் கிள்ளி விட்டார். அது நேராக, தூரத்துச் சரிவில் மேய்ந்துகொண்டிருந்த மான் கூட்டத்தை நோக்கிப் பறந்தது.

"போனுக்கு இந்த மலை பழக்கமில்ல போல. காத்து நம்ம முதுகுப்பக்கம் இருக்கு. காலையில நீங்க பூசிக்கிட்டு வந்த சென்ட்டு எந்தக் கடையில வாங்கினதுன்னு அதுங்களுக்கு இந்நேரம் தெரிஞ்சிருக்கும். வாங்க, சுத்திப் போவோம்."

சுற்றிப் போவதென்றால் சதுப்பில் வயிற்றால் ஊர்ந்து போவது. புது மேலங்கி ஒவ்வொரு அசைவுக்கும் அப்பளக் கட்டுபோல் நொறுநொறுத்தது. குளிர்ந்த தண்ணீர் கழுத்து வழியே புகுந்து கால்சட்டை வழியே விடைபெற்றது. டூகலின் வாய்க்குள் சேறு புகுந்தது. வாயில் சேறு இருக்கும்போது யாரால் விளக்கம் சொல்ல முடியும்?

மேட்டை எட்டியதும் எதிர் முகட்டில் கொம்பு விரித்த ஆண் மான் ஒன்று, வானத்தைப் பின்திரையாக்கிக்கொண்டு பக்கவாட்டில் நின்றது. டூகல் துப்பாக்கியைத் தோளில் பொருத்தினார்.

"வேணாம்," என்றார் இஷ்பெல்.

"இதைவிட அம்சமா எப்படி நிக்கும்?"

"மானுக்குப் பின்னால மண்ணு வேணும். அங்க வெறும் வானம். குண்டு எங்க போய் நிக்கும்?"

"எனக்குக் குறி தப்பாது."

"தப்பாட்டியும் துளைச்சுக்கிட்டுப் போகும். விரலை எடுங்க, பிரிங்கிள்."

டூகல் தயங்கினார். அந்தச் சனியன் பிடித்த விரல் விசையை விட்டு வர மறுத்தது. பிறகு, மனமே இல்லாமல், வந்தது.

மான் எதையோ மோந்து துள்ளி மறைந்தது. அது நின்ற இடத்தில் ஒரு சிவப்புக் கம்பளித் தொப்பி முளைத்தது. தொப்பிக்குக் கீழே ஒரு பெண். அவள் பின்னால், முதுகுப்பையில் குழந்தையைச் சுமந்தபடி ஒருவன். மலை ஏறி வந்த களிப்பில் இவர்களைப் பார்த்துக் கையசைத்தார்கள்.

டூகலால் பதிலுக்குக் கையைத் தூக்க முடியவில்லை. இஷ்பெல் துப்பாக்கியை வாங்கிக் குண்டை உருவினார்.

"அவங்க வர்றது உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார் டூகல், சன்னமாக.

"தெரியாது. அதனாலதான் வேணாம்னேன்."

இறங்கும் வழியில் இஷ்பெல் தொடங்கிய வாக்கியம் எதையும் டூகல் முடித்துவைக்கவில்லை. மனிதர் திருந்திவிட்டார் என்றே இஷ்பெல் நினைத்தார். மாலையில் விடுதியில், பிறந்ததிலிருந்து அந்த மலையடியிலேயே வாழும் விடுதிக்காரரை எதிரே உட்காரவைத்து டூகல் சொல்லிக்கொண்டிருந்தார்: "வேட்டைன்னா சுடாம இருக்கிறதுதாங்க. பின்னால மண்ணு இருக்கணும். நிறையப் பேருக்கு இது தெரியறதில்ல."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் நாளைக்கு எங்காவது மான் வேட்டை என்று பேச்சு எழுந்தால், ஒரு மானைக்கூட நேரில் பார்த்திராத நீங்கள், தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "முதல்ல காத்து எந்தப் பக்கம்னு பாக்கணும்..." என்று தொடங்கப்போவதில்லை என்பதற்கு என்ன உத்தரவாதம்?